அமலோற்பவம் பெற்றது ஆறு

நினைவு அட்டையில் அச்சடிக்க அப்பா எழுதி வைத்திருந்த தாளைப் பிலோமினா மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் ஆத்திரம்தான் வந்தது.

'சவரிமுத்து அவர்களின் உத்தம மனைவியும் ஐந்து பிள்ளைகளின் அன்புத் தாயுமான அமலோற்பவம் அம்மாள் சேசுவுக்குள் நித்திரையானார். பூசை தவறாதவர். கணவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் அறியாதவர்.'

எதிர்ச்சொல் அறியாதவராமே! சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் கெட்டுப்போன மீனைத் தலையில் கட்டப் பார்த்தவனை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்டவள் அம்மா. ஞானோபதேச வகுப்பில் தப்பாகச் சொல்லிக்கொடுத்த உபதேசியாருக்கே புத்தகத்தைப் பிரித்துக் காட்டியவள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் கிளார்க்காக இருந்த அப்பா விடிவதற்குள் பஸ் பிடித்துப் போய்விடுவார். ஐந்து பிள்ளைகளையும் எழுப்பி, முகம் கழுவி, தலை சீவி, முதல் பூசைக்கு நடத்திக் கொண்டுபோனவள் அவள்தான். அப்படிப்பட்டவளைச் செத்த இருபத்திரண்டாம் நாள் வாயில்லாப் பூச்சி ஆக்கியாயிற்று.

தாளை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். சவரிமுத்து, கோயில் சபையின் தலைவர், முப்பதாம் நாள் பூசைக்கு யார் யாரை அழைப்பது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஐந்து இல்ல. ஆறு."

அவர் நிமிரவில்லை. "அது செத்த பிள்ளை. அட்டையில எதுக்கு?"

"யார் கேட்டாலும் அம்மா ஆறுன்னுதான் சொன்னாங்க. கிளினிக்ல கேட்டாலும் ஆறு, கவர்ன்மென்ட் வீட்டுக்கு ஃபார்ம் எழுதினப்பவும் ஆறு."

"ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையைக் கோயில் அட்டையில போட முடியாது, பிலோமி. அன்னைக்கே சாமி முடியாதுன்னுட்டார். ஆறின புண்ணைக் கிளறாத."

யாருக்கு ஆறிய புண்? ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையா? அந்தத் தண்ணீர் இருந்த டம்ளரைப் பிடித்திருந்ததே பிலோமினாதான்.

அப்போது அவளுக்குப் பதினொரு வயது. 1950 டிசம்பர். ஒரு சிறுமி பெற்ற கத்தோலிக்கத் தாய்க்கா, வளர்த்த முஸ்லிம் தாய்க்கா என்ற வழக்கில் ஊரே பற்றியெரிந்த வாரம். ஊரடங்கு போட்டிருந்தார்கள். அப்பா செம்பவாங்கிலேயே மாட்டிக்கொண்டார். டன்லப் ஸ்திரீட் கடைவீட்டு மாடியில் அம்மாவுக்கு மாதம் நிறையும் முன்பே வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியில்லை, சாமியாரைக் கூப்பிட ஆளில்லை. கீழ்வீட்டு மைமூன்தான் புடவையைச் செருகிக்கொண்டு மாடியேறி வந்தாள். அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவை.

பிள்ளை நீலம் பாய்ந்து பிறந்தது. அழுவதற்குக்கூடத் தெம்பில்லை. அம்மாவால் தலையைத் தூக்க முடியவில்லை. பிலோமினாவை ஊற்றச் சொன்னாள்; டம்ளர் சரிந்து பாதித் தண்ணீர் தரையில் போயிற்று.

"அக்கா, நீங்களே ஊத்துங்க," என்றாள் அம்மா. "நான் சொல்றதை அப்படியே சொல்லிக்கிட்டே அவன் தலையில ஊத்துங்க. எங்க மதம் என்ன நெனச்சு இதைச் செய்யுதோ அதை நெனச்சுக்கிட்டு ஊத்துங்க. அது போதும்."

வெளியே இந்த மதம் அந்த மதம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மைமூன் ஒரு கணம் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டாள். அம்மா ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, மைமூன் ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொல்லி ஊற்றினாள். சூசை என்று பெயர். ஒரு மணி நேரம் இருந்தான்.

அப்பா மறுநாள் வந்தார். சாமியாரிடம் கேட்டு வருகிறேன் என்று போனவர், சாயங்காலம் திரும்பி வந்து, "முஸ்லிம் கை ஊத்தின தண்ணி செல்லாதுன்னுட்டார் சாமி" என்றார். பிள்ளையைப் பெட்டியில் வைத்து, ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு உள்ளே இடமில்லை என்று பிடாடாரி கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, லாலாங் புல்லுக்குள் புதைத்துவிட்டு வந்தார்.

அம்மா ஒரே ஒரு தடவை வாதாடினாள். "ஆபத்து வேளையில யாரு வேணும்னாலும் கொடுக்கலாம்னு புத்தகத்துலயே இருக்கே?"

"சாமியைவிட உனக்குத் தெரியுமோ?"

அந்தக் கேள்விக்கு ஒரு கத்தோலிக்கப் பெண்ணிடம் என்ன பதில் இருக்கும்? அதோடு அவள் வாய் அடைத்துப்போயிற்று. வருடா வருடம் கல்லறைத் திருநாளன்று மாமனார் மாமியாருக்கு உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வேலியோரம் போய்ப் புல்லுக்கு முன்னால் இன்னொன்று ஏற்றுவாள். அப்பா வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இதுதான் எதிர்ச்சொல் அறியாத லட்சணம்!

அட்டைப் பேச்சு நடந்த மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பிலோமினா நேரே கோயில் ஆபீசுக்குப் போனாள். கான்வென்ட்டில் ஆசிரியை அவள். கேள்வியை எப்படிக் கேட்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்குச் சாமியார் பிரெஞ்சுக்காரர், தாடி நரைத்தவர், புதுச்சேரியில் கற்ற தமிழ்.

"சாமி, சாகப்போற பிள்ளைக்கு ஒரு முஸ்லிம் அம்மா ஞானஸ்நானம் கொடுத்தா செல்லுமா?"

"திருச்சபையின் கருத்தோடு, சரியான வார்த்தையைச் சொல்லி, தண்ணீர் ஊற்றினால் செல்லும். இதில் என்ன சந்தேகம்?"

"அப்புறம் ஏன் எங்க சூசைக்குச் செல்லாதுன்னீங்க?"

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். "நானா?"

"1950ல. கலவரத்தப்ப. எங்க அப்பா வந்து கேட்டாரே."

"நான் நாற்பத்தெட்டிலிருந்து இங்கேதான் இருக்கிறேன், மகளே. உன் தகப்பனார் வந்தார், உண்மை. பிள்ளை செத்தே பிறந்தது என்றார். நான் அவரோடு சேர்ந்து ஜெபித்தேன். வேறொன்றும் அவர் என்னைக் கேட்கவில்லை."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் கொடுக்கத் தயாராகத்தான் இருந்திருக்கிறார். இடையில் நின்றவர் வீட்டுக்காரர்! அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இந்த மனிதர் ஒரு பிள்ளையையே மறைத்திருக்கிறார்.

"பதிவேட்டில் இப்போதும் எழுதலாம்," என்றார் சாமியார். "ஊற்றிய அம்மாள் நேரில் வந்து சொல்ல வேண்டும். தகப்பன் கையெழுத்துப் போட வேண்டும்."

வீட்டில் அவள் கத்தவில்லை. கத்தினால் தம்பி தங்கைகள் ஓடிவந்து அவரைச் சுற்றி நின்றுகொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு, "சாமியைப் பாத்தேன்பா" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தையில் சவரிமுத்துவின் முகம் வெளுத்தது.

"அந்த வாரம் உனக்குத் தெரியாது, பிலோமி. ஆளை அடிச்சே கொன்னாங்க. ஒரு முஸ்லிம் பொம்பள கத்தோலிக்க ஞானஸ்நானம் கொடுத்தான்னு வெளிய தெரிஞ்சா மைமூனுக்கும்தானே ஆபத்து?"

"சரி. அந்த வாரம் ஆபத்து. அடுத்த வாரம்? அடுத்த வருஷம்? பன்னிரண்டு வருஷமும் ஊரடங்கா போட்டிருந்தாங்க?"

அவர் சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அதுக்கு அடுத்த மாசம், ஜனவரியிலதான் என்னைச் சபைத் தலைவரா எடுத்தாங்க. வீட்டுல இப்படி ஒரு பேச்சுன்னா... அப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தேன். நாள் போகப்போகச் சொல்ல முடியல."

சபைக் கொடியைப் பிடித்துக்கொண்டு திருநாள் ஊர்வலத்தின் முன்னால் நடப்பதற்காக! பிலோமினாவுக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"சனிக்கிழமை நாலு மணி. கோயில் ஆபீஸ். நீங்க வரலன்னா முப்பதாம் நாள் பூசை முடிஞ்சதும் வாசல்ல நின்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"ஊர் சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும்."

மைமூனைத் தயார்செய்ய ஒன்றும் இருக்கவில்லை. "எனக்கென்ன பயம்? செஞ்சதைச் செஞ்சேன்னு சொல்லப்போறேன்," என்றாள். சனிக்கிழமை வெளுத்த சேலையை உடுத்திக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பிலோமினாவுக்கு முன்னால் நடந்து ஆபீசுக்குள் நுழைந்தாள். சவரிமுத்து ஏற்கெனவே வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சாமியார் பெரிய பதிவேட்டைத் திறந்தார். "அன்று என்ன சொல்லி ஊற்றினீர்கள் அம்மா? நினைவிருக்கிறதா?"

மைமூன் யோசிக்கவேயில்லை. "சூசை, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. சாமியாரின் பேனா அந்தரத்தில் நின்றது.

"பன்னிரண்டு வருடம் ஆயிற்றே? எப்படி மறக்காமல் இருக்கிறீர்கள்?"

"மறக்க எங்க விட்டாங்க அமலோற்பவம்?" என்றாள் மைமூன். "வருஷா வருஷம், பிள்ளை பொறந்த நாளன்னைக்குக் கீழ எறங்கி வந்து என் முன்னால உக்காருவாங்க. 'அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க. எந்த வார்த்தையையாச்சும் விட்டுட்டோமா? தண்ணி தலையிலதானே பட்டுச்சு? நான்தான் மயக்கத்துல தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேனா?' ஒவ்வொரு தடவையும் நான் சொல்லுவேன், அவங்க விரல்விட்டு எண்ணிக் கேப்பாங்க. தப்பு ஒண்ணும் கெடைக்காது. ஆனாலும் சாமியே செல்லாதுன்னுட்டார்னா நம்ம மேலதான் தப்பு இருக்கணும்னு அழுவாங்க. போன டிசம்பர்ல எறங்கி வர முடியல. ஆள் அனுப்பி என்னை மேல கூப்பிட்டுப் படுத்துக்கிட்டே கேட்டாங்க."

பிலோமினாவுக்கு இது தெரியாது. பெற்ற மகளிடம்கூட அம்மா இதைச் சொல்லவில்லை.

மைமூன் மூலை நாற்காலியின் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அண்ணே, நீங்கதானே அன்னைக்குக் கேட்டுட்டு வந்தீங்க. நான் எந்த வார்த்தையை விட்டேன்?"

சவரிமுத்து சாமியாரைப் பார்த்தார். சாமியார் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நீ ஒண்ணும் விடலம்மா," என்றார். குரல் உடைந்துவிட்டது. "நான் சாமியைக் கேக்கவே இல்ல."

மைமூனுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சவரிமுத்து விசும்பி விசும்பி அழுதார். ஊர்வலத்தில் கொடி பிடிக்கும் கை முகத்தை மூடிக்கொண்டிருந்தது. பிலோமினா அவர் பக்கத்தில் போய் நிற்கவில்லை, தோளைத் தொடவில்லை. இதே நாலு வார்த்தையை டன்லப் ஸ்திரீட் மாடியில் ஒரே ஒரு நாள் சொல்லியிருந்தால் போதும். கேட்க வேண்டியவள் இப்போது பிடாடாரியில் மண்ணுக்குள் இருந்தாள்.

"அழுது முடிச்சிட்டுக் கையெழுத்தைப் போடுங்கப்பா," என்றாள். "சாமி காத்துக்கிட்டிருக்கார்."