வெளியே கூட்டிட்டுப் போனா சரியாயிடும்

அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்பதை, வந்து இறங்கிய அரை மணி நேரத்தில் அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். இரண்டு வருடங்களாக அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, அவள் வாஷிங் மெஷினுக்குள் ஒளித்து வைக்கும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டிருந்த தங்கைக்கு அது தெரியாமல் போயிருந்தது.

அண்ணன் பல் டாக்டர். பல்லுக்குக் கொஞ்சம் மேலேதான் மூளை இருக்கிறது என்பதால் அதிலும் தனக்கு அதிகாரம் உண்டு என்பது அவன் எண்ணம்.

அம்மாவும் சரியான நேரம் பார்த்துக் காலை வாரினாள். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வெளி ஆள் யாராவது வந்துவிட்டால், ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வந்ததுபோல முதுகு நிமிர்ந்துவிடும்.

"வாப்பா. பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைத் தங்கை கவனித்தாள். அண்ணன் கவனிக்கவில்லை.

"நல்லாத்தானே பேசறாங்க. நீ ஃபோன்ல சொன்னதக் கேட்டு நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

"காலைல என்னைத் திருடின்னு சொன்னாங்கண்ணா."

"நீ ஏதாச்சும் எரிச்சலா பேசியிருப்ப."

வாயைத் திறந்தால் இப்போதும் எரிச்சலாகத்தான் வரும் என்பதால் அவள் திறக்கவில்லை. உறவுக்காரர்களின் வைத்தியம் அவளுக்குப் பழகிப்போனதுதான். பெரியப்பா மகள் குறுக்கெழுத்துப் புதிர் போடச் சொல்லியிருந்தாள். அண்ணி, பார்க்க மூளை மாதிரியே இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, அக்ரூட் பருப்பு கொடுத்தனுப்பியிருந்தாள். அண்ணனின் வைத்தியம் வேறு.

"நாலு சுவத்துக்குள்ளயே வெச்சிருந்தா யாருக்குத்தான் மூளை மழுங்காது? வெளிய கூட்டிட்டுப் போனா சரியாயிடும். நான் போயிட்டு வர்றேன், நீ ரெஸ்ட் எடு."

இரண்டு தெரு தள்ளியிருந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான்.

வீட்டில் தனியாக இருந்து வெகு காலமாகிவிட்டதால் என்ன செய்வதென்று அவளுக்குப் புரியவில்லை. கூடத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். டீ ஆறுவதற்குள் ஃபோன் வந்துவிட்டது.

"மேடம், சூப்பர் மார்க்கெட் செக்யூரிட்டி பேசறேன். ஒரு அம்மாவ ஒருத்தர் கடத்திட்டு வந்திருக்காரு. அவங்க கழுத்துல மாட்டியிருக்கிற அட்டைல உங்க நம்பர் இருந்துச்சு."

"வர்றேன்," என்றாள். கடத்தியவன் யார் என்பதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் சின்னக் கூட்டம். அண்ணனின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கார் சாவி செக்யூரிட்டியின் கையில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அம்மா நிதானமாக வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் பாட்டுக்கு மூணாம் வார்டுக்குப் போயிட்டிருந்தேன். இந்த ஆளு வண்டில ஏத்திட்டான். பார்த்தா படிச்சவன் மாதிரி இருந்துச்சு. அதான் ஏமாந்துட்டேன்."

"இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியலம்மா," என்றார், தள்ளுவண்டி நிறைய சாமான்களோடு நின்ற ஒருவர்.

செக்யூரிட்டி தங்கையிடம் கேட்டார். "மேடம், இவர உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணன் அவளைப் பார்த்தான். சின்ன வயதில் பள்ளிக்கூட மதில் மேல் ஏறி இறங்கத் தெரியாமல் முழித்தானே, அதே முழி. அவள் அவசரப்படவில்லை. கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரியும். எங்க அண்ணன்தான். அவங்க எங்க அம்மா."

செக்யூரிட்டிக்கு அதுவும் போதவில்லை. "இவங்க யாரும்மா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"இவளா? நம்ம வார்டு ஆயா. நல்ல பொண்ணு. எந்த பேஷன்ட்டப் புரட்டிப் போட்டாலும் ஒரு வலி தெரியாது. இவ கூப்பிட்டா நான் போவேன்."

பள்ளிக்கூடத்திலும் சரி, கல்யாணத்துக்குப் பிறகும் சரி, அம்மா வாயிலிருந்து அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. அதெல்லாம் அண்ணனுக்கே தீர்ந்துபோயிருந்தது. இப்போது ஊர் கூடிய இடத்தில் நற்சான்றிதழ் கிடைத்தது, வேறு யாரோ ஒருத்தியாக. அழுதால் இரண்டாவது ஆளையும் கடத்திவிட்டதாக நினைப்பார்களோ என்று அடக்கிக்கொண்டாள்.

காரில் ஏற அம்மா மறுத்துவிட்டாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். மந்திரிக்குப் பாதுகாப்பு கொடுப்பதுபோல அண்ணன் பின்னாலேயே காரை ஊர்ந்து ஓட்டிவந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் போய் உட்கார்ந்தான்.

"என்னை யாருன்னே தெரியலையே."

"ம்."

"உன்னையும் தெரியாதா?"

"சில நாள் தெரியும். தெரியற நாள்லதான் திட்டு ஜாஸ்தி."

அவன் சிரிக்கவில்லை. "எப்படித்தான் சமாளிக்கிற?" என்றான்.

யாராவது இதைக் கேட்டால் சொல்வதற்கென்று அவள் மனசுக்குள் பெரிய பிரசங்கமே தயாராக வைத்திருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் பலமுறை ஒத்திகை பார்த்தது. இப்போது தேடினால் முதல் வரியே அகப்படவில்லை.

"நான் தூங்கப் போறேண்ணா. அவங்களுக்கு மாத்திரை குடு. முழுங்கறாங்களான்னு பாரு, கன்னத்துல ஒதுக்கிப்பாங்க."

கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். வெளியே அம்மாவின் குரல் கேட்டது. "யாருய்யா நீ? உள்ள எப்படி வந்த?"

"அம்மா, நான்தாம்மா."

"நான்தான்னா யாரு?"

அண்ணன் பதில் சொன்னான். அம்மா மறுபடி கேட்டாள். அவனும் மறுபடி, முன்பைவிட மெதுவாகச் சொன்னான். எழுந்து போகலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தவள், தலையணையை இழுத்துக் காதின் மேல் வைத்துக்கொண்டாள்.