வாய் நிறையக் குண்டூசி

“அப்ப நான் திரைக்குப் பின்னாடி போயிடணும். அதானே சொல்ற?”

“பின்னாடின்னா என்ன, பாதாளத்துக்கா அனுப்புறேன்? வெட்டுற மேசையை உள்ள போட்டுக்கோ. வர்றவங்கள நான் பாத்துக்கறேன். உன் மூஞ்சியப் பாத்தா பரீட்சைக்கு வந்த மாதிரி முழிக்கிறாங்கக்கா.”

பெரியவள் வெட்டும் மேசையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். அக்காவும் தங்கையுமாகத் தையல் கடை தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. இரண்டு மெஷின், ஆள் உயரக் கண்ணாடி, தங்கை தேர்ந்தெடுத்த மஞ்சள் சுவர் என்று எல்லாம் இருந்தது. ஆட்கள்தான் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். வருடம் முடிவதற்குள் கடை காலூன்றாவிட்டால் தங்கை பழையபடி ஆடைத் தொழிற்சாலைக்கே போய்விடுவாள். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பழைய மேற்பார்வையாளரின் எண்ணை அவள் இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை என்பது பெரியவளுக்குத் தெரியும்.

கடை திறந்த அன்றைக்குக் காலையிலேயே எல்லாம் கெட்டுப்போனது. பெரியவள் துணி மாட்டும் பொம்மையின் மேல் ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். உதடுகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து குண்டூசிகள். அப்போதுதான் பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை உள்ளே வந்தார், கடையின் முதல் ஆளாக. ‘வாங்க’ என்று சொல்ல வேண்டுமானால் ஊசிகளை எடுக்க வேண்டும். ஊசிகளை எடுக்கக் கை வேண்டும். கை இரண்டும் மடிப்பைப் பிடித்திருந்தன. விட்டால் அரைமணி நேர வேலை போச்சு. அதனால் மோவாயால் முக்காலியைக் காட்டினாள். சிரித்ததாகவும் நினைவு. ஊசியைக் கவ்விக்கொண்டு சிரித்தால் எப்படி இருக்கும் என்று பிறகொரு நாள் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கடைசி ஊசியைக் குத்திவிட்டுத் திரும்பியபோது முக்காலியில் யாரும் இல்லை.

சொல்லாமல் போனது ஒரு மூன்றெழுத்து வார்த்தைதான். சில நாளிலேயே அந்தக் கதை பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள் வரை போய்விட்டது. மாடி வீட்டு நர்ஸ்தான் வந்து சொன்னாள். “தாடையால பேசுற டெய்லர்னு உங்களுக்குப் பேரு வச்சிருக்காங்க. தையல்ல யாரும் குத்தம் சொல்லலை. தைக்கக் குடுத்தாத்தானே சொல்லுவாங்க.”

திரையைப் பற்றித் தங்கை பேசியதற்கு மறுநாள் காலை, அதை மாட்டக் கம்பி வாங்கக் கிளம்பிய பெரியவள் பேருந்து நிறுத்தத்தில் தலைமையாசிரியையைப் பார்த்தாள். நான்கு மாதமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகியது தொண்டை வரை வந்துவிட்டது. அன்னைக்கு வாயில ஊசி மேடம், வேணும்னு செய்யலை. ஆனால் கிட்டே போகப் போக அதுவே சாக்கு மாதிரிப் பட்டது. நாலு மாசமா எங்க போயிருந்தே என்று கேட்டால் என்ன சொல்வது?

தலைமையாசிரியை வண்டி வருகிறதா என்று நெற்றிமேல் கை வைத்துப் பார்த்தார். கை உயர்ந்ததும் சட்டை மொத்தமும் கூடவே இடுப்புக்கு மேல் ஏறியது. அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டார். யாரோ சட்டையின் அக்குள் வளைவை ஆழமாக வெட்டிக் கெடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதுகிறவர் இதை எப்படிச் சமாளிக்கிறாரோ.

இழுத்துவிட்டு நிமிர்ந்தவர் அவளைக் கண்டுகொண்டார். முகம் சட்டென்று இறுகியது.

மன்னிப்புக் கேட்கத்தான் பெரியவள் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“மேடம், அந்தக் கையை மறுபடி ஒரு தடவை தூக்கிக் காட்டுறீங்களா?”

பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. தலைமையாசிரியையின் விரல்கள் பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தன. ஆனால் அவர் படியில் கால் வைக்கவில்லை.