ஒரு டம்ளர் டீசல்

வால்வைத் திறந்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. எஃகு உருண்டையின் மேலிருந்த வெற்றிட அளவியின் முள் முப்பதிலிருந்து இருபத்தாறுக்கு இறங்கியிருந்தது. உள்ளே காற்றே இல்லாத உருண்டை அது. மண்ணுக்குள் ஐந்தடி ஆழத்தில் இருக்கும் காற்றைச் சிறு குழாய் வழியாக மெல்ல இழுத்துக்கொள்ளும். நிறைய அரை மணி நேரம் ஆகும். பிறகு சென்னை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

குழாயை நேற்றுதான் சரிதா அக்கா வீட்டுப் படுக்கையறைச் சுவரை ஒட்டி இறக்கி, சுற்றிலும் களிமண் குழைத்து அடைத்திருந்தோம். பக்கத்து நிலத்தில் மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்க்கின் பழைய டீசல் தொட்டி கசிந்திருந்தது. அந்த ஆவி மண் வழியாக வீட்டுக்கு அடியில் வருகிறதா என்று பார்க்கவே வந்திருந்தோம். அறைக்குள் தொட்டிலில் அக்காவின் நாலு மாதக் குழந்தை தூங்கியது.

"ஏனுங்க அம்மிணி, பையன் அங்கயே தூங்கலாமுங்களா?" நேற்றிலிருந்து மூன்றாவது முறையாக அக்கா கேட்டார்.

"ரிசல்ட் வந்தாத்தான் தெரியும்க்கா" என்றேன், முள்ளைப் பார்த்தபடி.

துளை போடும் கண்ணுசாமி அண்ணன் வேப்பமரத்தடியிலிருந்து சிரித்தார். "அந்தப் புள்ளகிட்ட பேச்சு வாங்கறதுக்கு மண்ணுல இருந்து காத்து வாங்கறது சுளுவுங்க."

அக்காவும் சிரித்தார். "நேத்து பத்தரமா பாத்துக்கச் சொன்னீங்கல்ல? நல்லாப் பாத்துக்கிட்டேனுங்க. பொழுதோட வந்து பாத்தா அந்த ஈரக் களிமண்ணுல ஒரே எறும்பு. எங்கூட்டுக்காரரு லாரியில இருந்து கொண்டாந்த டீசல் கேன்ல இருந்துச்சு. சுத்தியும் ஒரு டம்ளர் ஊத்தி உட்டேன். அப்பறம் ஒண்ணு அண்டுல."

குனிந்து களிமண்ணை முகர்ந்தேன்.

காலையில் வந்தபோதே டீசல் வாசனை அடித்தது. அதற்காகத்தானே வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று "யாரும் தொடாம பாத்துக்குங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறியிருந்தேன். விளக்கிச் சொல்லப் பத்து வாக்கியமாவது பேச வேண்டும். பேசவில்லை.

முள் இருபத்திரண்டைத் தொட்டது. சேலத்தில் இருந்த சபரிநாதன் சாரை அழைத்தேன். அறிக்கையில் கையெழுத்திடுபவர் அவர்.

"குழாயைச் சுத்தி டீசல் ஊத்திட்டாங்க சார். எறும்புக்கு."

"எவ்வளவு?"

"ஒரு டம்ளர்."

"அங்க எப்படியும் டீசல் இருக்கத்தான் போகுது ரிஹானா. முடிச்சு அனுப்பு. நீ எழுதலேன்னா யாருக்குத் தெரியப் போகுது?"

அனுப்பினால் ஆபத்து என்றுதான் முடிவு வரும். அக்கா குழந்தையோடு வீட்டைக் காலி செய்வார். அது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பங்க் முதலாளி காதுக்கு இந்த ஒரு டம்ளர் எட்டிவிட்டால் எல்லாமே பொய் என்பார்; அதன் பிறகு இந்தச் சுவரருகே யாரையும் துளை போட விடமாட்டார்கள்.

முள் பதினெட்டு.

"மூடறேன் சார்."

"என்னது?"

"மூடறேன்." வால்வை முறுக்கி மூடினேன். உருண்டையில் தொங்கிய அட்டையில் 'செல்லாது, குழாயைச் சுற்றி டீசல்' என்று எழுதினேன். "வண்டியில இன்னொரு உருண்டை இருக்கு சார். அதை இங்க வெக்கிறேன்."

"அது தொட்டிப் பக்கத்துக்கு வெச்சிருக்கறது. எங்கிட்ட கேக்காம எதுவும்…" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணுசாமி அண்ணனிடம் சுவரின் மறுமுனையைக் காட்டினேன்.

"மறுபடியுமா? இந்த அம்மிணி வாயத் தொறந்தா எனக்கில்ல வேல வெக்குது" என்று எழுந்தார்.

சரிதா அக்காவின் முகம் சுருங்கியிருந்தது. "எம்பேர்ல தப்புங்களா?"

"இல்லக்கா. நான் நேத்தே சொல்லியிருக்கணும்." இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். புதுக் குழாய் நாளை வரை மண்ணில் இருக்க வேண்டும். எறும்பு வந்தால் வரட்டும். டீசல், பினாயில், மருந்து எதுவும் வேண்டாம். சாணம்கூடத் தெளிக்கக் கூடாது. சொல்லி முடிப்பதற்குள் வாய் உலர்ந்துவிட்டது.

"ரிசல்ட்டுங்க?"

"பத்து நாள் ஆகும்."

அவர் அறை வாசலைப் பார்த்தார். "அது வரைக்கும் இவன எங்க போடறதுங்க?"



"அந்த ரூம்ல வேண்டாம்க்கா" என்றேன், அவர் முகத்தைப் பார்த்து. "அங்க டீசல் ஆவி இருக்கா இல்லியான்னு எனக்கு இன்னும் தெரியாது. தெரியற வரைக்கும் வேண்டாம்."

அக்கா உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். தொட்டில் சேலையை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. "புடிங்க சாமி" என்று குழந்தையை என்னிடம் நீட்டினார். அவசரமாகக் கையுறைகளை உருவிப் போட்டுவிட்டு வாங்கினேன். அவன் முகத்தைச் சுளித்தானே தவிர விழிக்கவில்லை. அவனோடு வெளியே, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய் நின்றேன்.