சுவருக்குள் கரண்ட்

கொச்சங்காடியில் நாங்கள் வீடு வாங்கியது மாசி மாதம். மழை இல்லாத மாசியில் எந்த வீடும் நல்ல வீடுதான். என் வீட்டுக்காரர் இசக்கிதுரை ஓட்டுக் கூரையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்காரரா என்று சாயாக்கடையில் விசாரித்தார். சுவருக்குள் ஓடும் வயரை யார் பார்த்தது?

பிழைக்க வந்த இந்த மலையாள ஊரில், சுள்ளிக்கல்லில் ஒரே வாடகை அறையில் காலத்தை ஓட்டியவர்கள் நாங்கள். மகள் மகாவை அந்த அறையிலிருந்துதான் தென்காசிக்குக் கட்டிக்கொடுத்தோம். அவள் உண்டானதும், "தலைப்பிரசவத்தை வாடகை ரூமுலயா பாக்கப் போறீங்க?" என்று சம்பந்தியம்மா ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விதான் எங்களை வீடு வாங்க வைத்தது. ஆனி கடைசியில் வளைகாப்பு முடித்து மகளை இங்கே கூட்டி வருவதாகப் பேச்சு.

இவருக்குப் பெயிண்டிங் வேலை. ஊரார் சுவரையெல்லாம் மினுக்கியவர் தன் சுவரைச் சும்மா விடுவாரா? வேலை முடிந்து வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும், பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் புட்டி என்கிற மாவைப் பூசித் தேய்த்து, அதன் மேல் பளபளவென்று வெள்ளை பெயிண்ட் அடித்தார். மகள் படுக்கப்போகிற அறைக்கு மட்டும் ஒரு கோட்டு கூடுதல்.

"செவரு கண்ணாடியா இருந்தா ஒத்த பல்பு போதும்ட்டி. கரண்டு பில்லு பாதியாக் கொறஞ்சிரும்" என்றார்.

பில் விஷயத்தில் இவர் ஒரு தனிப் பிறவி. நான் அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் அடுக்களை இருட்டாகிவிடும். ஆனாலும் அந்த வெள்ளைச் சுவரில் வெளிச்சம் பட்டு வீடே சிரித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வைகாசி கடைசியில் மழை பிடித்தது. மீட்டருக்குப் பக்கத்தில் இஎல்சிபி என்று ஒரு சுவிட்ச் உண்டு. கரண்ட் போகக்கூடாத வழியில் கசிந்தால் தானே விழுந்து லைனை நிறுத்திவிடும். உயிரைக் காக்கிற சுவிட்ச். அது விழுந்தது. தூக்கிவிட்டோம். மறுபடி விழுந்தது. மழை வலுத்த பிறகு தூக்கவே முடியவில்லை. ஃப்ரிட்ஜில் மீன் நாறியது.

நான்தான் எலக்ட்ரீஷியன் சந்தீப்பைக் கூட்டி வந்தேன். அவன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சேச்சி, சுவிட்சுக்கு ஒரு கொழப்பமும் இல்ல. சுவருக்குத்தான் கொழப்பம்" என்றான். "பழய சுண்ணாம்புச் சுவரு மழைல வெள்ளம் குடிக்கும், வெயில்ல விட்டுரும். சேட்டன் மேல பூசி அடச்சிட்டாரு. குடிச்ச வெள்ளம் உள்ளயே நிக்குது. அதுக்குள்ளதான் பழய வயரு கெடக்கு."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"அந்த வயர மொத்தமா விட்டுரணும். சுவருக்கு மேலோட பைப்பு அடிச்சுப் புதுசு இழுக்கலாம்."

சொன்ன கையோடு டிரில்லை வைத்து ஒரு துளை போட்டுப் பார்த்தான். புட்டி அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளிருந்து அவன் சொன்ன வெள்ளம் அழுக்குத் தண்ணீராக வழிந்தது. அந்த நேரம் பார்த்து இவர் வந்து நின்றார்.

"எடுத்துட்டுப் போ உன் டிரில்ல. இனி என் செவத்துல ஒரு ஆணி எறங்கப்படாது."

"சேட்டா, ஞான் பறயுறது..."

"மழ நின்னா எல்லாம் காஞ்சிரும். போ."

சந்தீப் என்னைப் பார்த்தான். வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் அவன் என்ன செய்வான்? போய்விட்டான்.

மறுநாள் வீட்டில் கரண்ட் இருந்தது. எப்படி? கட்டட வேலைக்குப் போகிறவர்களிடம் ஒரு பாழாய்ப்போன பழக்கம் உண்டு. சைட்டில் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் அதை ஒதுக்கிவிட்டு, லைனை நேராகச் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். டைரக்ட் என்று அதற்குப் பெயர். போய்ப் பார்த்தேன். டைரக்ட்தான், இவர் கைவேலை.

இரண்டு மழை கழித்து, ஈரச் சுவரில் பதிந்த அடுக்களைக் குழாயில் கை வைத்தேன். தோள் வரைக்கும் ஒரு இழுப்பு. சொம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இவர் ஓடி வந்து என் கையைத் தேய்த்தார். இனிமேலாவது மனுஷனுக்குப் புத்தி வரும் என்று நினைத்தேன்.

"செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு" என்றார்.

"புள்ளத்தாச்சி வந்து தொட்டா?"

"அவளுக்கும் ஒரு செருப்பு வாங்கிப் போடுவோம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கத்தினேன், கும்பிட்டேன், இரண்டு நாள் சமைக்காமல் கிடந்தேன். அவர் வேலைக்குப் போனதும் மெயினை இறக்குவேன். வந்ததும் ஏற்றுவார். சுவரில்தான் குற்றம் என்று ஒத்துக்கொண்டால், தன் கையாலேயே தன் வீட்டைக் கெடுத்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அது அவரால் ஆகாது. இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இது தெரியாதா? திரும்ப வாடகைக்குப் போகலாம் என்றால், வீட்டுக் கடனும் வாடகையும் சேர்த்துக் கட்ட எங்களுக்கு வக்கில்லை.

வளைகாப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது நான் மகாவைப் போனில் கூப்பிட்டேன்.

"தாயி, பிரசவம் அங்கனயே இருக்கட்டும். இங்க மழ. எனக்கும் ஒடம்பு ஏலல."

மகா விடவில்லை.

"வாடக ரூமுல இருக்கும்போது எப்பம்மா வருவ, எப்பம்மா வருவன்னு கேட்ட. சொந்த வீடு வந்ததும் வராதன்னு சொல்லுத."

"அப்படி இல்ல, தாயி."

"பெறவு எப்படி? எங்க அத்தைட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். சம்பந்தியம்மா ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பாள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் என் மகளை எனக்குத் தெரியும். கேட்ட மறுநாளே பஸ் ஏறி, அப்பாவிடம் சண்டை பிடிக்க வந்து நிற்பாள். வயிற்றுப் பிள்ளையோடு வந்து அந்தக் குழாயில்தான் கை கால் கழுவுவாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவள் அழுதுகொண்டே போனை வைத்தாள்.

சாயங்காலம் இவர் வந்து, "மக என்னைக்கு வாறாளாம்?" என்று கேட்டார்.

"வரலையாம். அங்கனயே பாத்துக்கிடுதாளாம்."

துண்டை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் மகளுக்கென்று வைத்த அறைச் சுவரையே பார்த்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர் மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"எவளுக்காக வாங்குனமோ அவளுக்கே எளக்காரமாப் போச்சு, பாத்தியாட்டி" என்றார்.

"ஆமா, அவ மாறிட்டா" என்றேன். அப்படியே நம்பட்டும். அவள் வராமல் இருந்தால் போதும்.