பெருக்கல் குறி போட்ட வேன்

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே வரும். அதைக் கடைசிவரை காப்பாற்றத்தான் வராது.

எங்களுடையது பழைய வண்டிகளை உடைக்கும் யார்டு. வீடும் அதற்குள்ளேயேதான், தகரக் கொட்டகையை ஒட்டினாற்போல். இங்கே வரும் காரோ வேனோ, முதலில் ஆயிலை வடிக்க வேண்டும், பேட்டரியைக் கழற்ற வேண்டும். அதன் பிறகுதான் நசுக்குகிற பிரஸ்ஸுக்கு அனுப்பலாம். வடிக்காத வண்டியின் கதவில் சாக்பீஸால் ஒரு வட்டம். வேலை முடிந்த வண்டிக்குப் பெருக்கல் குறி. குறி போடுவது வீட்டுக்காரர், பிரஸ்ஸை ஓட்டுவது என் தம்பி.

இந்த இருவருக்கும் பேச்சு நின்று வெகுநாள் ஆகிறது. பேட்டரி கழற்றாத ஒரு காருக்கு இவர் அவசரத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டார். அந்தப் பேட்டரி பிரஸ்ஸில் உடைந்து, தம்பியின் தோளில் அமிலம் தெறித்தது.

"பாத்து அனுப்பக் கூடாதா மாமா?" என்று அவன் கேட்டான்.

"ஏன், உனக்குக் கண்ணு இல்லையா?" என்றார் இவர். மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய்! அன்றோடு சரி. அப்புறம் இருவருக்கும் நடுவே பேசுவது சாக்பீஸ் மட்டும்தான். பெருக்கல் குறி போட்டிருந்தால் தம்பி நசுக்குவான், இல்லாவிட்டால் தொட மாட்டான்.

இப்படி இருக்கும்போது, நாளைக்குச் சோதனைக்கு வருகிறோம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கொட்டகைக்குப் பின்னால் பழைய பேட்டரிகள் மழையில் நனைந்து, ஒழுகிக்கொண்டு கிடந்தன. மூடியுள்ள பெட்டியில் வைக்க வேண்டும், உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இவரோ திறந்தவெளியில் ஈயம் உருக்குகிற ஒரு ஆளுக்காகச் சேர்த்து வைத்திருந்தார். அவன் கூடுதலாகத் தருவானாம். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷர் வேறு எப்படி இருப்பார்?

அத்தனையையும், ஏற்கெனவே ஆயில் வடித்த ஒரு பழைய பள்ளிக்கூட வேனுக்குள் அடுக்கி, மேலே கிழிந்த சீட்டுகளைப் போட்டு மூடி, கதவில் பெரிதாகப் பெருக்கல் குறியும் போட்டார்.

"வேலை முடிஞ்ச வண்டின்னு இருந்தா எவன் தொறந்து பாப்பான்?" என்றார்.

"மாட்டினா லைசென்ஸ் போயிடுங்க. சோத்துக்கு என்ன பண்றது?"

"நீ போய் அடுப்பைப் பாரு."

அதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் காலையில் அவர் அதிகாரிக்காக முகம் மழிக்கச் சலூனுக்குப் போனார். நான் உரிமம் உள்ள பேட்டரிக்காரரைக் கூப்பிட்டேன். அவருடைய ஆட்கள் கையுறை போட்டுக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சீட்டுகளைப் பழையபடி போட்டு மூடினேன். பிறகு வேலைக்கு வந்த தம்பியிடம்கூடச் சொல்லவில்லை, அவன் முகத்தில் எந்த ரகசியமும் தங்காது. பெருக்கல் குறியை அழிக்கவில்லை. இப்போது அது உண்மைதானே!

சோதனைக்கு வந்தவர் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மா. அதிகம் பேசவில்லை. தரையை முகர்ந்து பார்த்தார், டிரம்களைத் தட்டிப் பார்த்தார். இவர் பின்னாலேயே "எல்லாம் சுத்தம் மேடம், சுத்தம் மேடம்" என்று ஜபம் செய்துகொண்டு போனார்.

"பிரஸ் ஓடறதைப் பாக்கலாமா?" என்றார் அந்த அம்மா.

"தாராளமா!" என்று தம்பியைப் பார்த்துக் கையை ஆட்டினார் இவர். கையை ஆட்டிய பிறகுதான் வரிசையைப் பார்த்தார். எல்லாக் கதவிலும் வட்டம். பெருக்கல் குறி போட்டது அந்த ஒரு வேன்தான்.

தம்பி அதைக் கிரேனால் தூக்கிக்கொண்டு போய்ப் பிரஸ்ஸில் வைத்துவிட்டு, பிரஸ்ஸை ஓட்டுகிற தன் கூண்டில் ஏறி உட்கார்ந்தான். அந்தக் கூண்டுக்கு முன்கண்ணாடி கிடையாது. உடைந்ததை மாற்றித் தர இவருக்கு மனசு வரவில்லை.

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். கத்தினால் லைசென்ஸ் போகும். கத்தாவிட்டால் என் தம்பி முகத்தில் அமிலம் தெறிக்கும். அவர் கணக்கு அதுதான். வேன் காலி என்று நான் ஒரு வார்த்தை அவர் காதில் போட்டிருக்கலாம். போடவில்லை. இந்த மனுஷர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மதில்மேல் இருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிரஸ்ஸின் தட்டு இறங்கியது. இவர் அதிகாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேனின் கூரை முனகியது.

"மச்சான்! நிறுத்துடா! உள்ள பேட்டரி இருக்கு! இறங்கி ஓடுடா!"

வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் ஓடிப்போய், சிவப்பு சுவிட்சைத் தானே அடித்தார். பிரஸ் நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவரை அவ்வளவு பிடித்தது அப்போதுதான்.

"என்ன பேட்டரி?" என்றார் அதிகாரி அம்மா.

இவர் மடை திறந்தாற்போலக் கொட்டினார். பேட்டரியை ஒளித்தது, ஈயம் உருக்குகிறவன், எல்லாம். நிறுத்துவாரா என்று பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி இன்ஜின் ஆயிலை ஊற்றிப் பலகை போட்டு மூடிய கதையையும் சொன்னார். அது எனக்கே தெரியாது!

வேனைத் திறந்தால் கிழிந்த சீட்டுகள் மட்டும்தான். இவர் வாயைப் பிளந்தார்.

"காலையிலேயே போயிடுச்சு மேடம். லைசென்ஸ் உள்ளவங்கதான் எடுத்தாங்க," என்றேன்.

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, பேட்டரி ஆச்சு. அந்தக் குழியைக் காட்டுங்க," என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும். ஆயில் ஊறிய மண்ணைத் தோண்டி, அதற்கென்று இருக்கும் இடத்துக்கு அனுப்பி, சிமெண்ட் தளம் போடும்வரை யார்டைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. இவரும் தம்பியும்தான் தோண்டினார்கள். சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் பேசித் தீர்த்ததில் மண்வெட்டியைவிட வாய்தான் அதிகம் வேலை செய்தது.

சாயங்காலம் கறுத்த கையோடு வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"வேன் காலின்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சும்மா நின்ன? சொல்லியிருந்தா குழி விஷயம் வெளிய வந்திருக்காதுல்ல?"

"வேன் காலின்னு தெரியும். நீங்க கத்துவீங்களான்னு தெரியலையே."

கொஞ்ச நேரம் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இப்பத் தெரிஞ்சுதா?"

"ம்."

அவர் கொட்டகைப் பக்கம் திரும்பி, "மச்சான், கை கழுவிட்டு வாடா, சாப்பிடலாம்!" என்று கத்தினார்.