சிவப்புத் துணி கட்டாத வரிசை

வெர்டெல் செப்டம்பரில் முட்டைக்கோஸ் இனத்துக் காலர்டு கீரை விதைத்தாள். நவம்பரில் அவளை அடக்கம் செய்தோம். கீரை மட்டும் எதுவும் நடக்காதது போல வளர்ந்துகொண்டிருந்தது. குளிர் ஏற ஏற, மெழுகு தடவினாற்போன்ற அதன் நீலப்பச்சை இலைகள் விசிறி அளவுக்கு விரிந்தன.

அவள் கணவர் லூசியஸ் தினமும் காலையில் காப்பிக் கோப்பையோடு பின்வாசலில் நின்று அந்த வரிசைகளைப் பார்ப்பார். ஓர் இலைகூடப் பறிக்கமாட்டார். மண்ணைக் கொத்திக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். மற்றதெல்லாம் வெர்டெலின் கை.

அதில் ஒரு வேலை பாக்கி இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைசி வரிசையில் நல்ல தடித்த செடிகளாக நாலைந்தைப் பார்த்து, பழைய சட்டையிலிருந்து கிழித்த சிவப்புத் துணியைக் கட்டிவிடுவாள். துணி கட்டிய செடியில் யாரும் கைவைக்கக்கூடாது. அது பனியெல்லாம் தாங்கி நின்று, வசந்தத்தில் மஞ்சளாகப் பூத்து, விதை கொடுக்கும். அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த விதை அது, கடையில் கிடைக்காத ரகம். இலை மெல்லிசாக இருக்கும். ஒரு நல்ல பனி விழுந்தால் இனிப்பு ஏறிவிடும். பழைய விதை சரியாக முளைக்காது என்று ஒவ்வொரு வருடமும் இருப்பதையெல்லாம் விதைத்துவிடுவாள். தெருவில் வேறு யாரும் விதை எடுத்து வைத்ததில்லை. வெர்டெல்தான் இருக்கிறாளே என்று இருந்துவிட்டோம்.

துணிப்பட்டைகள் சமையலறைக் கதவின் ஆணியில் தொங்கின. லூசியஸ் அவற்றை எடுப்பார், விரலில் சுற்றிப் பார்ப்பார், திரும்ப மாட்டிவிடுவார். அவர் கட்டிவிட்டால், இனி அவள் வந்து கட்டப்போவதில்லை என்பது உறுதியாகிவிடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கிறிஸ்துமஸுக்கு மகள் ரெனீட்டா வந்து அவரை ராலே நகரத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

அவர் ஊரில் இல்லாதபோது, வருடக் கடைசியில் கடுமையான உறைபனி வரும் என்று வானொலியில் சொன்னார்கள். எங்கள் சபையின் சமையலறையைக் கவனித்துக்கொள்ளும் கிளெமி, தோழி இம்மா ஜீனோடு அவர் தோட்டத்துக்கு வந்து நின்றாள்.

"ஏன்டி, வெர்டெல் போட்ட கீரையைப் பனிக்குத் தின்னக் குடுக்கப் போறோமா?"

"அண்ணன் ஊர்ல இல்லையேடி."

"இருந்தா மட்டும்? அந்த மனுஷனுக்குக் கீரைக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியுமா? புது வருஷத்தன்னிக்குக் கீரை தின்னாத்தானே வருஷம் நல்லா இருக்கும்? அந்த வீட்டுல கீரை இல்லாம விடுறதா? அவர் வரும்போது கொதிச்சிட்டிருக்கட்டும்."

"துணி கட்டின செடியை விட்டுடு."

கிளெமி ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்தாள். "எங்கயும் துணி இல்ல. பாவம், இந்த வருஷம் விதைக்கு விட அவளுக்கு ஏது நேரம்?"

எல்லாச் செடியையும் அடித்தண்டு மட்டும் நிற்க வெட்டி, கிளெமி வீட்டுக் குளியல்தொட்டியில் போட்டு அலசினார்கள்.

"நான் எங்கடி குளிக்கிறது?" என்றார் அவள் கணவர்.

"வருஷமே முடியப்போகுது, இனிமே குளிச்சு என்ன ஆகப்போகுது?"

வருடத்தின் கடைசி நாள் மதியம் லூசியஸ் திரும்பினார். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனார். வெட்டிய தண்டுகள் வரிசை வரிசையாக நின்றன. குனிந்து ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய், வெர்டெல் தைத்த மெத்தைப் போர்வையைக் கட்டிலிலிருந்து உருவி வந்து, கடைசி வரிசைத் தண்டுகளின் மேல் போர்த்தி, ஓரங்களில் செங்கல் வைத்தார்.

"ஆண்டவரே, விதைக்கு ஒண்ணே ஒண்ணு பொழைச்சா போதும்" என்றார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் லூசியஸ் வீட்டுக் கதவு இடிபட்டது.

"திறங்க அண்ணே, கை வெந்துபோகுது!"

கிளெமி பானையோடு உள்ளே வந்தாள். தட்டில் கீரையும் தட்டைப்பயறும் சோள ரொட்டியும் வைத்தாள். "அவ கீரைதான். ஒரு இலை வீணாக்கல. சபை விருந்துல பாஸ்டர் வெக்கமே இல்லாம மறுபடி மறுபடி வாங்கினாரு."

முந்தின நாளிலிருந்தே லூசியஸ் சில கடுமையான வார்த்தைகளை மனதில் சேர்த்து வைத்திருந்தார். அவள் கரண்டியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பனித் தண்ணீரில் கீரை அலசி விரல்கள் வெடித்திருந்தன. சேர்த்து வைத்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை. அந்த மௌனத்தையும் ஆண்டவர் ஒரு ஜெபமாகக் கேட்டிருப்பார் என்றுதான் நான் நம்புகிறேன்.

"உப்பு எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு தங்கச்சி."

"பொய்! என் சமையல்ல என்னைக்கு உப்பு சரியா இருந்திருக்கு?"

அவர் சிரித்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வெர்டெலை நினைத்து அழுகிறார் என்று கிளெமி நினைத்தாள். அதுவும் உண்மைதான்.

சாயங்காலம் போர்த்துவதும் காலையில் வெயில் ஏறுமுன் விலக்குவதுமாக அவர் ஜனவரியைக் கழித்தார். தண்டுகள் ஒவ்வொன்றாகக் கறுத்துக் குழைந்தன. ஒன்றில் மட்டும் கடுகு அளவில் பச்சை முளை தெரிந்தது. பிப்ரவரியில் மறுபடி வந்த பனியில் அதுவும் போயிற்று.

மார்ச்சில் கிளெமி ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள்.

"பழசு ஏதாவது மிச்சம் இருந்தா வெர்டெல் விதை கொஞ்சம் குடுங்க அண்ணே. இந்தத் தடவை நானே போடுறேன். எத்தனை காலம் உங்க தோட்டத்தையே மேயறது?"

"இல்லம்மா. இருந்ததையெல்லாம் அவ செப்டம்பர்லயே போட்டுட்டா."

கிளெமி டப்பாவை மூடப்போனவள், கதவின் ஆணியைப் பார்த்தாள். சிவப்புத் துணிகள் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியே தெரிந்த கறுத்த தண்டுகளையும், அவற்றின் பக்கத்தில் சேறு படிந்து கிடந்த போர்வையையும் பார்த்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"விதைக்கு விட நெனச்சிருந்தீங்களா அண்ணே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"துணி இருக்கான்னு குனிஞ்சு பார்த்தேன். சத்தியமாப் பார்த்தேன்."

"தெரியும் தங்கச்சி. கட்ட வேண்டியவன் நான். கட்டல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! அந்தக் கரண்டியாலயே என் மண்டையில ஒண்ணு போட்டிருக்கலாமே!"

"கை வெந்துபோகப் பானையோட வந்து நின்னே. உன்கிட்ட எதைச் சொல்றது?"

கிளெமி முந்தானை போல ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். லூசியஸ் காப்பி போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தார்.

செப்டம்பரில் கடையில் வாங்கிய விதையை இருவரும் சேர்ந்து அதே வரிசைகளில் போட்டார்கள். முளைத்தது, வளர்ந்தது, பனியும் விழுந்தது. புது வருட நாளில் கிளெமி பானையோடு வந்தாள். ஒரு வாய் தின்றுபார்த்து, தலையைக் குனிந்துகொண்டாள்.

"வெர்டெலோடது மாதிரி இல்ல அண்ணே."

"இல்லதான்" என்றார் லூசியஸ். தட்டை அவள் பக்கம் நீட்டினார். "இன்னொரு கரண்டி போடு."