மறியலில் வாசித்த அறிக்கை

பேருந்து குலுங்கி நின்றது. தூக்கக் கலக்கத்தில் நியெவெஸ் கால்சினா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒருரோவிலிருந்து லா பாஸுக்குப் போகும் நெடுஞ்சாலையின் குறுக்கே பாறைகளை உருட்டிப் போட்டிருந்தார்கள். போன்சோ என்ற கம்பளி மேலாடை போர்த்திய ஆண்கள் பாறைகள்மேல் உட்கார்ந்து கோக்கா இலையை மென்றுகொண்டிருந்தார்கள். பெண்கள் கூட்டங்கூட்டமாகத் தரையில் இருந்தார்கள்.

"மறியல்," என்று ஓட்டுநர் என்ஜினை அணைத்தார். "இது கேனுவாபாம்பா. இந்த ஊர்க்காரங்க லேசுல விட மாட்டாங்க. டீசல் விலை ராத்திரியோட ராத்திரியா ரெண்டு மடங்கு ஆயிடுச்சாம்ல."

நியெவெஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டீசல் மானியத்தை நீக்கலாம் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் இரண்டே பெயர்கள். ஒன்று அவளுடையது. மற்றவர் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வால்டோ இரியார்த்தே. இருவரும் லா பாஸில் எரிசக்திப் பொருளாதாரம் கற்பிப்பவர்கள். ஒருரோவில் ஒரு கருத்தரங்கு முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக மானியத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு முன்பே ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை போய்ச் சேர வேண்டும் என்றுதான் அவர்கள் எழுதியிருந்தார்கள். மலிவு டீசல் எல்லை தாண்டிக் கடத்தப்படுவதையும், டீசல் புகையால் மலை முகட்டுப் பனி கரைவதையும் பக்கம் பக்கமாக விளக்கியிருந்தார்கள். அரசோ முதல் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரே கையெழுத்தில் மானியத்தை முழுதாக நீக்கிவிட்டது.

ஓட்டுநர் வானொலியைத் திருகினார். "இந்த முடிவை நிபுணர்கள் வால்டோ இரியார்த்தே, நியெவெஸ் கால்சினா ஆகியோர் பரிந்துரைத்ததாக அரசு..." என்று குரல் கரகரத்தது.

"முழுசாப் படிக்காம பேசறானுங்க, முட்டாப் பசங்க!" என்று வால்டோ செய்தித்தாளை மடித்து எறிந்தார்.

"வாயை மூடுங்க வால்டோ," என்று நியெவெஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

பேருந்தின் நடுவழிக்கு அந்தப் பக்கம் உருளைக்கிழங்கு மூட்டையைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டிருந்த வியாபாரி அம்மாள் திரும்பிப் பார்த்தாள். செவெரினா என்று ஓட்டுநர் அவளைக் கூப்பிட்டிருந்தது நியெவெஸுக்கு நினைவு வந்தது. நியெவெஸ் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

கதவு திறந்தது. பதவிச் சின்னமான சாட்டை தோளில் குறுக்காகத் தொங்க, ஊர்த்தலைவர் எலியோடோரோ ஏறினார். பின்னால் இருவர்.

"அடையாள அட்டையை எடுங்க. அரசாங்கத்து ஆளுங்க யாராவது ஒளிஞ்சு வந்திருந்தா அவங்களே சொல்லிடுறது நல்லது."

ஒவ்வோர் இருக்கையாக வந்தார். வால்டோவின் அட்டையைக் கண்ணருகே பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தார். "இரி...யார்த்தே." இன்னொரு முறை வாசித்தார்.

"ரேடியோவுல சொன்ன ஆளு இவருதான்!" என்றான் பின்னால் நின்றவன்.

வால்டோவின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள். எலியோடோரோ நியெவெஸைப் பார்த்தார். "நீ இவரு கூட வந்தவளா?"

அவள் தொப்பியை இன்னும் கீழே இழுத்தாள்.

"இல்ல," என்றாள்.

வால்டோ ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிடித்து இழுத்த வேகத்தில் படிகளில் தடுமாறி இறங்கினார். அவர் கிடைத்த பரபரப்பில் நியெவெஸின் அட்டையைக் கேட்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

வெளியே அவருடைய செருப்புகளைக் கழற்றிக் கூரான சரளைக்கல்மேல் முட்டி போட வைத்தார்கள். கூட்டம் சூழ்ந்துகொண்டது. "சாட்டையைக் குடுங்க!" என்று ஒரு பெண் குரல். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில், திருடன் என்று பிடித்தவனைக் கூட்டம் என்ன செய்தது என்று செய்தியில் படித்திருந்தாள். அந்தப் படம் கண்ணைவிட்டுப் போக மறுத்தது.

"இன்னொரு பேரு பொம்பளைப் பேரு," என்று காதருகே செவெரினாவின் குரல் கேட்டது. "நீதானேம்மா அது?"

நியெவெஸ் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, தயவு செஞ்சு..."

"நான் கத்த மாட்டேன். ஆனா அந்த மனுஷன் உன் பேரைச் சொல்லலையே. கவனிச்சியா?"

அதற்குமேல் அந்த இருக்கையில் இருக்க முடியவில்லை. அது தைரியம் இல்லை; உட்கார்ந்திருப்பது இறங்குவதைவிடப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

"என் பேரு நியெவெஸ் கால்சினா," என்றாள். "அந்த அறிக்கையை எழுதினதுல நானும் ஒருத்தி."

ஒரு மண்கட்டி தோளில் பட்டு உடைந்தது. அடுத்தது காதை உரசிப் போனது. எலியோடோரோ கையை உயர்த்தினார்.

"இப்பதானே இல்லன்னு சொன்னே?"

"பயந்துட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடியைவிட மோசமாக இருந்தது.

"என்ன எழுதினீங்கன்னு நாங்களும் கேக்கறோம்," என்றார் எலியோடோரோ. "படி."

அறிக்கை பையில்தான் இருந்தது. அவள் எடுத்து வாசித்தாள். பாதிப் பேருக்கு ஸ்பானிஷ் சரளமில்லை என்பதால், செவெரினா தானாகவே இறங்கி வந்து பக்கத்தில் நின்று அவர்களுடைய அய்மாரா மொழியில் சொன்னாள். ஆறு ஆண்டு என்ற இடம் வந்ததும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முதலில் உதவித்தொகை என்றதும் ஒருவர் எழுந்து, "அப்ப இவங்க எழுதினது வேற, அவங்க செஞ்சது வேறயா?" என்று கத்தினார். வால்டோவை எழுந்து நிற்க விட்டார்கள்.

அப்போதுதான் செவெரினா மொழிபெயர்ப்பதை நிறுத்தினாள்.

"என் கிழங்கு மூட்டையை லா பாஸ் சந்தைக்கு ஏத்திட்டுப் போக லாரிக்காரன் எவ்வளவு கூடக் கேப்பான்? அது இதுல எங்க இருக்கு?"

நியெவெஸ் பக்கங்களைப் புரட்டினாள். இல்லை என்று தெரிந்தே புரட்டினாள். கடைசியில் ஒரே ஒரு வரி. "சிறு வியாபாரிகளின் போக்குவரத்துச் செலவில் பாதிப்பு மிதமாக இருக்கும்."

"மிதம்னா?"

வால்டோ கண்ணால் எச்சரித்தார். ஏதாவதொரு விழுக்காட்டைச் சொல்லிவிடலாம். யாராலும் சரிபார்க்க முடியாது.

"தெரியாதுக்கா. கணக்குப் போடல. போட்டிருக்கணும்."

செவெரினா அதை அய்மாராவில் சொல்லி முடித்தாள். மண்கட்டி எறிந்தவன் இப்போது கல்லொன்றைக் கையில் எடை பார்த்துக்கொண்டிருந்தான். நியெவெஸ் கண்களை இறுக மூடினாள்.

பெரியவர்கள் தனியாகப் போய்ப் பேசினார்கள். ஒரு மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து எலியோடோரோ தீர்ப்புச் சொன்னார்: இருவரும் மாலைவரை மறியலுக்குக் கல் சுமக்க வேண்டும். அறிக்கையில் விட்டுப்போனதை ஊர்ப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதையே வானொலியிலும் சொல்ல வேண்டும். பிறகு நடந்து போகலாம்.

சுமந்தார்கள். வால்டோவின் முட்டியிலிருந்து இரத்தம் கணுக்கால்வரை காய்ந்திருந்தது. வெயில் சாயும்போது செருப்புகளைக் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த ஊருக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர். பின்னால் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் இருவரும் சாலையைவிட்டு இறங்கிப் புல்மேட்டின் பின்னால் குந்திக்கொண்டார்கள்.

"அந்தக் கேள்விக்கு ஒரு நம்பரைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல," என்றார் வால்டோ ஒரு தடவை.

லா பாஸ் சேர்ந்ததும் நியெவெஸ் அதை வானொலியில் சொன்னாள். வால்டோ வரவில்லை. அடுத்த வாரம் நிபுணர் குழுவிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். மறியல் நடந்து பத்தாம் நாள் அரசு விலை உயர்வைத் திரும்பப் பெற்றது.

பாதையோரச் சந்தைகளில் லாரிக் கூலியைக் கேட்டுக் குறித்து வர வேண்டும் என்று அவள் திட்டமிட்டாள். பேருந்து நிலையம்வரை போய், ஏற முடியாமல் வியர்த்துப்போய் இரண்டு முறை திரும்பி வந்தாள். மூன்றாவது முறை, இருக்கையின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்துவிட்டது.